நீலச் சட்டை வீடியோ

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று சொல்வார்களே, பெர்னடெட்டின் கதை அதுதான். மலேசியாவில், கிள்ளானில் சரக்கு அனுப்பும் கம்பெனியில் வேலை, பிரிக்ஃபீல்ட்ஸ் கல்லூரி ஒன்றில் முதுகலைப் படிப்பு. சனிக்கிழமை காலையில் இரண்டுமே அவளைக் கேட்டன. வகுப்பு ஆன்லைனில்தான். ஆனால் கேமராவில் முகம் தெரியாவிட்டால் வருகைப் பதிவு கிடையாது என்று விரிவுரையாளர் சிவநேசன் கறாராகச் சொல்லியிருந்தார்.

பெர்னடெட் குறுக்கு வழி ஒன்று பிடித்தாள். நீலச் சட்டை போட்டு, வீட்டு மேசையில் உட்கார்ந்து, பாடம் கேட்பதுபோல் பன்னிரண்டு நிமிடம் தலையாட்டித் தன்னையே வீடியோ எடுத்தாள். முடியும் நேரத்தில் மூக்கு அரித்தது, சொறிந்துகொண்டாள். வகுப்பு நேரத்தில் அந்த வீடியோவையே திரும்பத் திரும்ப ஓடவிட்டு வேலைக்குப் போனாள். திருட்டு வேலைதான், பாவம், வேறென்ன செய்வாள்? மூன்று வருடமாக இழுத்த படிப்புக்கு இது கடைசி செமஸ்டர்.

ஐந்தாவது வாரம் சிவநேசனிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. இன்று அவள் கேட்ட கேள்வி அருமையாம். ஆளை மாற்றி நினைத்துவிட்டார் என்று சிரித்துக்கொண்டே வகுப்பின் பதிவைப் போட்டுப் பார்த்தாள். நீலச் சட்டைக்காரி தலையாட்டினாள், மூக்கைச் சொறிந்தாள். அப்புறம் மைக்கைத் திறந்து, பெர்னடெட் படித்தே இராத ஒரு கட்டுரையைப் பற்றி, பெர்னடெட்டின் குரலில் கேள்வி கேட்டாள்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது. உடனே வீடியோவை அழித்தாள். அதோடு தொலைந்தது என்று நினைத்தாள்.

முதுகலை ஆய்வை ஆன்லைனில் விளக்கிப் பேச வேண்டிய தேர்வுச் சனிக்கிழமை வந்தது. அன்று தவறவிட்டால் படிப்பு போச்சு. மேலாளர் முகுந்தனிடம் லீவு சொல்லிவிட்டு, நல்லதாகப் போடலாமென்று நீலச் சட்டையைத் தேடினாள். அலமாரியில் இல்லை. வெள்ளையைப் போட்டுக்கொண்டு கேமரா முன்னால் உட்கார்ந்தாள்.

சிவநேசன் அவள் பெயரைக் கூப்பிட்டார். வாயைத் திறக்கப் பார்த்தாள். தலை மட்டும் ஆடியது.

கைப்பேசி மினுங்கியது. முகுந்தனின் செய்தி: "லீவுன்னு சொல்லிட்டு ஆபீசுக்கு வந்துட்டீங்களே, தேங்க்ஸ் லா. இந்த நீலச் சட்டை உங்களுக்கு நல்லா இருக்கு."

கத்த வேண்டும்போல் இருந்தது. தலை மெதுவாக, பாடம் கேட்பதுபோல் ஆடிக்கொண்டே இருந்தது. கை தானாக எழுந்து மூக்கைச் சொறிந்தது.

அதுவரை ஆங்கிலத்தில் பேசிய சிவநேசன் தமிழுக்கு மாறினார்.

"வீடியோ ஓடவிட்டு என்னை ஏமாத்துறீங்களா, பெர்னடெட்? நெசமா அங்க இருந்தா ஒரு வார்த்தை பேசுங்க."

அவள் கண்ணில் நீர் முட்டியது. அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, வரவில்லை என்று குறித்துக்கொள்வதாகச் சொன்னார்.

பெர்னடெட் சரி என்பதுபோல் தலையாட்டினாள்.