குதிரையின் வயது

நோமின் வயிற்றுவாரை இழுக்கும்போதெல்லாம் அந்தப் பழுப்புக் குதிரை மூச்சைப் பிடித்து வயிற்றை உப்பிக்கொண்டது. அதன் தாத்தனுக்கும் இதே குணம்தான். முழங்காலால் ஒரு இடி கொடுத்தாள். அது மூச்சை விட்ட நொடியில் வாரை இரண்டு துளை உள்ளே தள்ளி மாட்டினாள்.

"கோம்போ வரமாட்டார்" என்றான் அண்ணன் துமென். "முப்பது வருஷமா நம்ம பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்காதவர். இன்னைக்கு வந்துடுவாராக்கும்."

"வேற ஆளைக் காட்டு. இப்பவே சேணத்தை இறக்கிடறேன்."

துமெனிடம் வேறு ஆள் இல்லை. அப்பா காலையில் உப்புப் போட்ட பால் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார், அப்படியே போய்விட்டார். எழுபத்திரண்டு வயது. நோய் நொடி ஒன்றும் இல்லை. அவர் பெயரை இனி இந்தப் புல்வெளியில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்; நாமும் சொல்ல வேண்டாம். லாமா வந்து சாத்திரம் பார்த்தார். உடம்பை முதலில் தொடுகிற கை பாம்பு வருஷத்தில் பிறந்த ஆணுடையதாக, ரத்த சொந்தம் இல்லாதவனுடையதாக இருக்க வேண்டும். அதுவும் இன்று சூரியன் மேற்குக் குன்றைத் தொடுவதற்குள். தவறினால் போகிறவர் பாதி வழியில் நின்றுவிடுவார் என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்க உட்கார்ந்துவிட்டார்.

அக்கம்பக்கத்தில் பாம்பு வருஷத்து ஆண்கள் மூன்று பேர். ஒருவர் தலைநகரத்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். இன்னொருவர் கம்பளி விற்கப் போயிருக்கிறார், நாளை மறுநாள்தான் வருவார். மூன்றாமவனுக்கு மனைவி மாசமாக இருக்கிறாள். அவன் சாவு வீட்டுக் கதவைக்கூடப் பார்க்கக்கூடாது. ஆளாளுக்கு விரல்விட்டு எண்ணி ஓய்ந்துபோனபோதுதான் நோமினுக்கு அப்பாவின் பழைய வசை ஒன்று நினைவுக்கு வந்தது.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கோம்போ தன்னைக் குதிரை வருஷத்துக்காரர் என்று பீற்றிக்கொள்பவர். அதனால்தான் குதிரைகள் தன்னிடம் பேசுகின்றன என்பார். பன்னிரண்டு மிருகங்களின் பெயரில் சுற்றிவரும் வருஷங்களில் பாம்புக்கு அடுத்தது குதிரை. முப்பது வருஷத்துக்கு முன் கோடைத் திருவிழாவில், நான்கு வயதுக் குதிரைகளின் ஓட்டத்தில், அப்பாவின் பழுப்பு, இந்தக் குதிரையின் தாத்தன், முதலில் வந்தது. கோம்போவின் சாம்பல் நிறக் குதிரை இரண்டாவது. கோம்போ நேரே வந்து பழுப்பின் உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டி, "இது நாலு இல்ல, அஞ்சு" என்று ஊரைக் கூட்டினார். அப்பா விடவில்லை. "முதல்ல உன் வயசை ஒழுங்காச் சொல்லுடா. நீ பொறந்தப்ப புது வருஷத்து வெள்ளை மாசம் வரவே இல்ல, பழைய வருஷம் முடியல. உன்னைக் கையில வாங்கினவ எங்கம்மா. குதிரையாம் குதிரை. நீ பாம்பு வருஷம்." நடுவர்கள் பல்லைப் பார்த்து ஆளுக்கொன்று சொன்னார்கள். பரிசு அப்பாவிடமே தங்கியது. ஊர் கோம்போவை நம்பியது. அதன்பின் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

அன்று பழுப்பின் மேல் உட்கார்ந்து ஓட்டிய குழந்தை நோமின்தான். அப்போது அவளுக்கு ஏழு வயது.

முந்தாநாள் மழையில் ஆறு பெருகிக் கிடந்தது. துமெனின் மோட்டார் பைக் அதில் இறங்காது. நோமின் ஏறி உட்கார்ந்து கடிவாளத்தைத் தளர்த்தியதும் பழுப்பு பிய்த்துக்கொண்டு கிளம்பியது. பதினைந்து கிலோமீட்டர். முதல் மேட்டைத் தாண்டியதும் புல்வெளி முழுவதும் திறந்துகொண்டது. தரை அணில்களான மர்மோட்டுகள் வளைக்குள் குதித்தன. காற்று காதில் கத்தியது. அங்கியின் முனை முதுகில் படபடவென்று அடித்தது. பள்ளிக்கூட அலுவலகத்தில் உட்கார்ந்தே பத்து வருஷம் போய்விட்டது, இடுப்புக்கு இதெல்லாம் மறந்திருக்கும் என்று நினைத்திருந்தாள். இடுப்பு எதையும் மறக்கவில்லை. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பன் செத்த அன்று ஒருத்திக்கு இப்படிச் சந்தோஷம் வரலாமா என்று வெட்கமாகவும் இருந்தது. குதிரையை இன்னும் விரட்டினாள்.

ஆற்றில் தண்ணீர் சேணம் வரை ஏறியது. கரையேறி அரைமணியில் கோம்போவின் கூடாரங்கள் தெரிந்தன.

"நாயைப் பிடிங்க" என்று குரல் கொடுத்தாள்.

நாயைப் பிடிக்க யாரும் வரவில்லை. கோம்போவின் மருமகள் ஒரு பெட்டைக் குதிரையிடம் பால் கறந்துகொண்டிருந்தாள்; எழுபதை நெருங்கிய கோம்போ குட்டியைக் கழுத்தோடு அணைத்துப் பிடித்திருந்தார். நாய் பழுப்பின் காலை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. கோம்போ முதலில் குதிரையைப் பார்த்தார். அப்புறம்தான் அவளைப் பார்த்தார்.

"அப்பா கடவுளாயிட்டார், ஐயா" என்றாள்.

கோம்போவின் கை குட்டியின் கழுத்திலேயே இருந்தது. "எப்ப?"

"காலையில. டீ குடிச்சிட்டு இருந்தார்."

"குடிச்சு முடிச்சானா?"

"பாதி."

"அவன் எதைத்தான் முழுசா முடிச்சான்" என்றார். கறந்து முடித்த மருமகள் வாளியோடு அப்படியே நின்றாள்.

"லாமா பாம்பு வருஷத்து ஆளைக் கேக்கறார். சூரியன் சாயறதுக்குள்ள."

"அதுக்கு ஏன் எங்கிட்ட வந்த? நான் குதிரை. காகிதத்துலயே இருக்கு."

"அப்பா அப்படிச் சொல்லல."

"உங்கப்பன் சொன்னான். குதிரைக்கு நாலு வயசுன்னும்தான் சொன்னான்." குட்டியை விட்டுவிட்டு எழுந்து அருகில் வந்தார். "அன்னைக்கு அது மேல உக்காந்திருந்தவ நீ. கூடவே வளர்ந்தவ. உனக்குத் தெரியாம இருக்காது. சொல்லு பாப்போம். நாலா, அஞ்சா?"

பந்தயத்துக்குக் கிளம்பும்போது அப்பா அவள் வாயில் ஒரு சர்க்கரைக் கட்டியைப் போட்டு, "யாரு கேட்டாலும் நாலு, தெரிஞ்சுதா?" என்று கன்னத்தைக் கிள்ளினார். சர்க்கரை அப்போதே கரைந்துவிட்டது. சொல் மட்டும் முப்பது வருஷமாக வாயில் கிடக்கிறது. கட்டிய கணவனிடம்கூட அவள் சொன்னதில்லை. இப்போது நாலு என்றால் கோம்போ தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார், அப்பா தொட ஆளில்லாமல் கிடப்பார். அஞ்சு என்றால், அவர் போன அன்றே மகள் அவர் மானத்தை விற்றவள் ஆவாள். கூடாரத்தின் நிழல் அவள் கால் வரை நீண்டு வந்திருந்தது.

"அஞ்சு" என்றாள்.

கோம்போ சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. கவிழ்ந்து கிடந்த ஒரு வாளியின் மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

"எங்கம்மா சாகறப்ப சொன்னா. வெள்ளை மாசத்துக்கு ஒம்பது நாள் இருக்கறப்பதான் பொறந்தேனாம். அதை எப்படிப் போய் அவங்கிட்டச் சொல்றது?" என்றார். பிறகு மருமகள் பக்கம் திரும்பினார். "என்ன பாத்துட்டு நிக்கற? சாம்பல் குதிரையைப் பிடிச்சிட்டு வா."

கிழவர் சேணத்தில் ஏறியதுமே இளைஞராகிவிட்டார். ஆற்றங்கரையில் தண்ணீரைப் பார்த்துக் கேட்டார்: "யாருடி இப்படி அழுதது? அழுதா அது செத்தவன் போற வழியில ஆறா நிக்கும்னு தெரியாதா? இவ்வளவு பெரிய ஆத்தை விட்டு வச்சிருக்கீங்க."

"யாரும் அழல ஐயா. மழை."

"மழைதானா? அப்ப சரி." கரையேறியதும் சூரியனை நோக்கிக் கையை நீட்டினார். குன்றுக்கு மேல் மூன்று விரல் இடம்தான் இருந்தது. "உங்க கூடாரம் வரைக்கும். இந்தத் தடவை பல்லைப் பாக்க மாட்டேன்" என்று சாட்டையை வீசினார்.

சாம்பல் முன்னால் பாய்ந்தது. நோமின் பழுப்பின் கழுத்தோடு படிந்தாள், ஏழு வயதில் செய்ததைப் போல. பிடரி முகத்தில் அறைந்தது. ஒரு மேட்டில் அவள் முந்தினாள், மறு சரிவில் அவர் முந்தினார். இரண்டு பேரும் கத்திக்கொண்டே ஓட்டினார்கள். எதற்காகப் போகிறோம் என்பதைக் கொஞ்ச நேரம் அவள் மறந்தே போனாள். கூடாரத்தின் புகை தெரிந்தபோதுதான் நினைவு வந்து வாயை மூடிக்கொண்டாள். யார் முதலில் வந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

வாசலில் இருபது பேர் கூடியிருந்தார்கள். கோம்போ இறங்குவதைப் பார்த்ததும் பேச்சு நின்றது. ஒன்றரை விரல் இடம் இருந்தது.

"என்ன வருஷம்?" என்று கேட்டார் லாமா.

எல்லோரும் கோம்போவைப் பார்த்தார்கள். முப்பது வருஷமாக அவர் பக்கம் நின்றவர்கள்.

"பாம்பு" என்றார் கோம்போ.

பக்கத்துக் கூடாரத்துக் கிழவர் ஒருவர் தொண்டையைச் செருமினார். "அப்ப போனவர் அன்னைக்குச் சொன்னது நெசம்தானா? அப்படின்னா அந்தக் குதிரை...?"

நோமின் தரையைப் பார்த்தாள். அங்கியின் ஈரம் பூட்ஸுக்குள் வழிந்துகொண்டிருந்தது.

"நாலு" என்றார் கோம்போ. "நாலுதான். அன்னைக்கு நான்தான் சரியாப் பாக்கல."

குனிந்து உள்ளே போனார். கம்பளிக் கதவுத் திரை அவருக்குப் பின்னால் விழுந்தது. வெளியே நின்றவர்கள் குன்றைப் பார்த்தபடி இருந்தார்கள். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. சூரியன் குன்றைத் தொட்டு, பாதி இறங்கி, மறைந்தது.

கோம்போ வெளியே வந்ததும் துமென் அவர் கைகளில் பால் கலந்த தண்ணீரை ஊற்றினான். அவர் விரல் விரலாகக் கழுவினார். நேரே குதிரைகள் கட்டிய கயிற்றிடம் போனார். பழுப்பு வியர்வை காயாமல் நின்றிருந்தது. பழக்க தோஷத்தில் கட்டைவிரலால் அதன் உதட்டைத் தூக்கினார்.

நோமின் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் பல்லைப் பார்க்கவில்லை. உதட்டை விட்டுவிட்டு, குனிந்து வயிற்றுவாரை இரண்டு துளை தளர்த்தினார். குதிரை நீளமாக மூச்சு விட்டது.