நாக்கோடு சரி

"நீதான ஆத்தா சொன்ன. நீயே சொல்லிட்டு இப்ப நீயே ஊசியத் தூக்கிட்டு வந்தா என்னா அர்த்தம்?" என்று ரெங்கராஜ் தன் போனை மகளின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

போனுக்குள் இருந்த சத்யா வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாள். "சர்க்கரைக்கு அங்க வேலையே இல்லை" என்று சிரித்த முகத்தோடு சொன்னாள். உடனே உறுமி முழங்கியது. மறுபடி அதையே சொன்னாள், மறுபடி உறுமி. போனுக்கு வெளியே நின்ற சத்யாவின் கையில் இன்சுலின் பேனா இருந்தது. அந்த உறுமி அடித்தவன் மட்டும் கையில் கிடைத்தால் என்ன செய்வோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

கறம்பக்குடியில் உரக்கடை வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர் ரெங்கராஜ். மகள் புரோட்டீன்களைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கி, திருமயம் சாலையில் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள் என்பதில் அவருக்குத் தாங்க முடியாத பெருமை. பெருமை இருக்கிற அளவுக்குப் பேச்சைக் கேட்கிற பழக்கம் இல்லை. அதுவும் எதிரில் நிற்கிற மகள் சொன்னால் காதில் ஏறாது. போனில் வருகிற மகள் சொன்னால் வேதவாக்கு.

அந்த வீடியோ வந்த கதை, தவளை தன் வாயால் கெட்ட கதைதான். கல்லூரியில் அறிவியல் தின விழா. சத்யா சிறுகுறிஞ்சான் இலையில்தான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். சர்க்கரைக்கொல்லி என்று ஊரில் பேர் பெற்ற கொடி அது. அதன் சத்து குடலில் இருக்கும் ஒரு புரோட்டீனைக் கொஞ்சமாவது தடுக்குமா என்று சோதனைக் குழாயில் வருடக்கணக்கில் பார்த்து, 'ஓரளவு தடுப்பதுபோல் தெரிகிறது, மேலும் ஆராய வேண்டும்' என்ற இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள். இதைப் பிள்ளைகளிடம் சொன்னால் கொட்டாவி விடுவார்கள். அதனால் ஆளுக்கு ஓர் இலையை மெல்லச் சொல்லி, பிறகு சீனியை வாயில் போடச் சொன்னாள். "மேடம், மண்ணு மாதிரி இருக்கு" என்று கூடமே அலறியது. அப்போதுதான் அவள் விளக்கினாள்: "இனிப்பை உணர்ற புரோட்டீன் ஒண்ணு நாக்குல இருக்கு. இந்த இலையில இருக்கிற பொருள் அது மேல போய் உக்காந்துக்குது. சர்க்கரைக்கு அங்க வேலையே இல்லை. ஆனா இது நாக்கோட சரி. உள்ளே போன சர்க்கரை சர்க்கரைதான், ரத்தத்துல ஏறத்தான் செய்யும்."

விழாவுக்கு வந்திருந்த தம்பி அரவிந்த்குமார் முழுவதையும் படம் பிடித்தான். ஷார்ஜாவில் சூப்பர் மார்க்கெட் வேலையை விட்டுவிட்டு வந்து, டப்பாவில் அப்பாவின் மீசை வைத்த போட்டோவைப் போட்டு, 'அப்பா சூரணம்' என்ற பெயரில் சிறுகுறிஞ்சான் பொடியை இன்ஸ்டாகிராமில் விற்கத் தொடங்கியிருந்தான். "அக்கா பேசினத ஒரு ஞாபகத்துக்கு வச்சிக்கிறேன்" என்றான். ஞாபகத்துக்கு வைத்துக்கொண்டது 'வேலையே இல்லை' என்பது வரைக்கும்தான். 'ஆனா'வுக்குப் பிறகு வந்ததெல்லாம் கத்திரிக்குப் போய்விட்டது. அவளுடைய இத்தனை வருட உழைப்பு, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, உறுமியோடு சேர்ந்து ஒரு ரீலாகிவிட்டது.

அவள் சண்டைக்குப் போனபோது அவன் நிதானமாகக் கேட்டான். "அக்கா, அதுல ஒரு பொய் காட்டுங்க. நீங்க சொல்லாத ஒரு வார்த்தை இருக்கா?"

"நான் சொன்ன மிச்சம் எங்கடா?"

"ரீலு அவ்ளோ நேரந்தாங்க்கா ஓடும். ஆனா, ஆவன்னான்னு இழுத்தா ஜனங்க தள்ளிவிட்டுப் போயிருவாங்க."

மறுப்புச் சொல்லி அவளே ஒரு வீடியோ போட்டாள். படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, நாக்கு எது, ரத்தம் எது என்று பொறுமையாக விளக்கியிருந்தாள். அதைப் பார்த்தவர்கள் அவளுடைய மாணவர்களும் மதுரை சித்தியும்தான். கீழே ஒருவர், 'அருமை மேடம், பொடி எங்கே கிடைக்கும்' என்று கேட்டிருந்தார். கல்லூரி முதல்வரோ அவளை அறைக்குக் கூப்பிட்டு, ரீல் நன்றாக ஓடுகிறது, அட்மிஷனுக்கு உதவும் என்று கைகொடுத்தார். இதையெல்லாம் பார்த்து அழுவதா சிரிப்பதா என்றே அவளுக்கு விளங்கவில்லை. பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்ததுதான் மிச்சம்.

ஊர் நம்பினால் நம்பிவிட்டுப் போகட்டும் என்றுகூட விட்டிருப்பாள். ஆனால் அப்பா நம்பினார். நம்பி ஊசியை நிறுத்தினார். வலது காலின் பெருவிரலில் செருப்பு கடித்த புண் ஆறவில்லை. புதுக்கோட்டையில் பார்த்த டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: சர்க்கரை இறங்கினால் விரல் பிழைக்கும், இல்லாவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும், அதோடு நிற்குமென்றும் சொல்ல முடியாது. அன்றிலிருந்து சத்யாவுக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவின் கால் போனால் அது தன் வாயால் போனதாகத்தான் ஆகும் என்ற நினைப்பு பாடம் நடத்தும்போதுகூட விடவில்லை.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, பேனாவும் கையுமாக நின்றாள். கெஞ்சினாள், மிரட்டினாள். கடைசியில் அம்மா பொன்னுத்தாய்தான், "புள்ள அம்புட்டுத் தூரத்துலேருந்து வந்து நிக்கிது, ஒரு ஊசிதான, போட்டுக்கங்களேன்" என்று நடுவில் புகுந்தாள். ரெங்கராஜ் முணுமுணுத்துக்கொண்டே சட்டையைத் தூக்கினார். ஊசி உள்ளே போனதும் சத்யா மூச்சு விட்டாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள், பாவம்.

அம்மா இட்லியை எடுத்து வைக்க, அப்பா தட்டை ஒதுக்கிவிட்டுச் சூரண டப்பாவைத் திறந்து ஒரு கரண்டி பொடியை வாயில் போட்டுக் குதப்பினார்.

"சாப்புடுங்கப்பா. ஊசி போட்டாச்சு, ஒடனே சாப்புடணும்."

"அதெல்லாம் ஆகாது. சூரணம் போட்டா ஒரு மணி நேரத்துக்குப் பச்சத் தண்ணி பல்லுல படக்கூடாது. பத்தியம்."

சத்யா தம்பியைப் பார்த்தாள். அவன் கூடத்தின் மூலையில் பார்சல் கட்டிக்கொண்டிருந்தான். "யாருடா இந்தப் பத்தியத்தச் சொன்னது?"

அவன் தலையைச் சொறிந்தான். "சும்மா போட்டதுதாங்க்கா. பத்தியம் இல்லன்னா நம்ம ஜனங்க அத மருந்துன்னே மதிக்க மாட்டாங்க. பத்தியம்னு போட்டப்பறந்தான் ஆர்டரே வந்துச்சு."

"அப்பா, இவனே சும்மா போட்டதுங்குறான், கேட்டீங்களா?"

"அவன் தன்னடக்கத்துக்குச் சொல்றான்" என்றார் ரெங்கராஜ்.

செவிடன் காதில் சங்கு ஊதலாம், அவனாவது வாய் குவிந்திருப்பதைப் பார்ப்பான். அவள் இட்லித் தட்டோடு பின்னாலேயே நடந்தாள். அவர் தோட்டத்துக்குப் போனார், மாட்டைப் பிடித்து மாற்றிக் கட்டினார், பொடி கரைந்துவிட்டதென்று இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார். முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது. விரல்கள் நடுங்கின.

"என்னாடி இது, வீடு சுத்துது" என்றார் பொன்னுத்தாயிடம். பேச்சு குழறியது.

சத்யா சர்க்கரை பார்க்கும் மிஷினில் ஒரு சொட்டு ரத்தத்தை வைத்தாள். ஐம்பதுக்கும் கீழே காட்டியது. ஊசியும் வெறும் வயிறும் சேர்ந்தால் வேறென்ன ஆகும். அவள் ஓடிப்போய் ஒரு தம்ளர் தண்ணீரில் கை நிறையச் சீனியைக் கொட்டிக் கலக்கிக்கொண்டு வந்தாள். "குடிங்கப்பா, சீனித் தண்ணி."

ஒரு வாய் குடித்தார். அடுத்த நொடி அவள் புடவை மேலேயே துப்பினார்.

"சீனியா இது? வெறுந் தண்ணியக் குடுத்துப் பத்தியத்த முறிக்கப் பாக்குறியா?"

"அப்பா, சீனிதாம்ப்பா. ஒங்க நாக்குல பொடி இருக்கு, அதான் தெரியல."

"எனக்குச் சீனி தெரியாதா? மாவு மில்லுத் தண்ணி மாதிரி இருக்கு."

பொன்னுத்தாய் பதறிப்போய் வெல்லத்தை உடைத்து வாயில் வைத்தாள். "களிமண்ணு" என்று அதையும் துப்பினார். அரவிந்த்குமார் தேன் பாட்டிலோடு வந்தான். தட்டிவிட்டார், அது தரையில் உருண்டது. சர்க்கரை இறங்கினால் பிடிவாதம் ஏறும். ஏற்கெனவே மலையளவு பிடிவாதம் இருக்கிறவர். மூவரையும் எதிரிகளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டார். கண்கள் செருகத் தொடங்கின. மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றவும் முடியாது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாயிற்று, அது ஆலங்குடிக்கு அங்கிட்டிருந்து வர வேண்டும்.

சத்யாவுக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. இந்த நாக்கையும் இந்த இலையையும் பற்றி இந்த மாவட்டத்தில் அவளைவிட அறிந்தவர் யாருமில்லை. அந்த அறிவால் ஒரு வாய்ச் சீனித் தண்ணீரை அப்பாவின் தொண்டைக்குள் இறக்க முடியவில்லை. உண்மையைச் சொல்லச் சொல்ல அவர் வாய் இன்னும் இறுகியது.

அவள் குனிந்து அவர் காதருகே சொன்னாள். "அப்பா, இது சீனி இல்லப்பா. நான் பொய் சொல்லிட்டேன். அரவிந்தோட புது மருந்து. இன்னும் யாருக்கும் குடுக்கல. மொதமொதல்ல ஒங்களுக்குத்தான்."

ரெங்கராஜ் கண்ணைத் திறந்து மகனைத் தேடினார். அரவிந்த்குமாரின் முகம் வெளுத்திருந்தது. "ஆமாப்பா" என்றான். "ரீல்லகூட இன்னும் போடல."

அவர் தம்ளரை இரண்டு கைகளாலும் வாங்கிக் குடித்தார். அவள் மறுபடி கலந்து கொடுத்ததையும் குடித்தார். வேர்வை அடங்கி, கை நடுக்கம் நின்று, "இட்லி இருக்கா?" என்று அவர் கேட்டபோது பொன்னுத்தாய் சுவரில் சாய்ந்து அழுதுவிட்டாள். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் சோதித்துப் பார்த்துவிட்டு, இனி பயமில்லை என்று சொல்லிப் போனார்கள்.

இதை இப்படியே விட சத்யாவுக்கு மனசு வரவில்லை. தம்ளரின் அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தாள். நாக்கிலிருந்த பொடியின் வேகம் போகும்வரை காத்திருந்து, அதே தம்ளரை அவர் கையில் கொடுத்தாள். "இப்பக் குடிச்சுப் பாருங்க. நீங்க குடிச்ச அதே தண்ணி."

அவர் ஒரு மிடறு குடித்துச் சப்புக்கொட்டினார். "இனிக்குது."

"அப்ப தெரியுதா? அப்பவும் சீனிதான் இருந்துச்சு."

"இப்பத்தான சீனியப் போட்டுக் கொண்டாந்திருக்க. மொத குடுத்தது மருந்து" என்றார் அவர், குழந்தைக்குச் சொல்வதுபோல் பொறுமையாக. "சீனியா இருந்தா இனிச்சிருக்குமே ஆத்தா. நீ என்னாதான் படிச்ச?"

அவள் தம்ளரை வாங்கிக்கொண்டு கொல்லைப்புறம் போய்க் கிணற்றடியில் போட்டுத் தேய்தேயென்று தேய்த்தாள்.

அன்று மாலைக்குள் அவர் முடிவெடுத்துவிட்டார். இனி ஊசி கிடையாது. சாகக் கிடந்தவரைத் தூக்கி உட்கார வைத்த மருந்து மகன் கையிலேயே இருக்கும்போது ஊசி எதற்கு? அதைக் கேட்டுக்கொண்டிருந்த அரவிந்த்குமார் போனை எடுத்து ரீலை அழித்தான், பத்தியத்தையும் எடுத்தான். ஆனால் அதற்குள் எவனெவனோ அந்த ரீலை வெட்டித் தன் பக்கத்தில் ஒட்டி, வேறு பாட்டுப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தான். அதில் ஒருவன் பத்தியத்தை இரண்டு மணி நேரமாக்கியிருந்தான்.

சத்யா டாக்டருக்குப் போன் செய்தாள். அவர் மறுநாளிலிருந்து ஊசியின் அளவைக் குறைத்துச் சொன்னார். நிறுத்த மட்டும் கூடாது, நிறுத்தினால் விரலுக்குத் தான் பொறுப்பில்லை என்றார்.

அவள் தம்பியிடம் போய்க் கையை நீட்டினாள். "ஒன் லேபிள் ஒண்ணு குடு."

"எதுக்குக்கா?"

அவள் இன்சுலின் பேனாவைக் காட்டினாள். அவன் லேபிள் சுருளைப் பின்னால் இழுத்துக்கொண்டான். "அக்கா, வேற கம்பெனி மருந்துல நம்ம லேபிள ஒட்டுறது மோசடிக்கா."

அவள் நீட்டிய கையை எடுக்கவில்லை. அவன் சுருளிலிருந்து ஒன்றைக் கிழித்துக் கொடுத்தான்.

கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டு அவள் அங்கேயே தங்கிக்கொண்டாள். மறுநாள் காலை இட்லித் தட்டை முதலில் அப்பாவின் மடியில் வைத்தாள். பிறகு பேனாவை எடுத்தாள். அவர் முறைக்கத் தொடங்கி, அதில் பச்சை எழுத்தில் 'அப்பா சூரணம்' என்று இருப்பதையும் பக்கத்தில் தன் மீசை வைத்த போட்டோவையும் பார்த்து நிறுத்தினார்.

"இது அரவிந்தோடதா?"

"இனிமே அவன் மருந்து இப்புடித்தாம்ப்பா வருது. போட்டவொடனே சாப்புடணும். அதான் பத்தியம்."

"அப்புடிச் சொல்லு" என்று அவரே சட்டையைத் தூக்கினார். ஊசி தோலில் படுமுன் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். "எலையிலேருந்து எடுத்ததுதான?"

இன்சுலின் ஒரு புரோட்டீன், இலைச்சாறு இல்லை. முதல் வருடப் பிள்ளைகளுக்கு அவள் நடத்தும் முதல் பாடமே அதுதான்.

"ஆமாப்பா, எலைதான்" என்று சொல்லி அவள் ஊசியை அழுத்தினாள்.