நெற்றிப் பட்டையில் கடைப் பெயர்

17 மே, திங்கள்

கோபத்தோடு எழுதுகிறேன். அதனால் கணக்கை இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டேன்.

கொரோனா வார்டு நர்ஸ் ஷாஹிஸ்தா வெள்ளிக்கிழமை எங்கள் தொழிற்பயிற்சி மாலை வகுப்புக்கு வந்து, இன்று காலை ஆறு மணி ஷிப்டுக்கு முப்பது ஃபேஸ் ஷீல்டு கேட்டார். ஷீல்டைத் தலையில் தாங்கும் நெற்றிப் பட்டையை அச்சிட எங்களிடம் இருப்பது ஒரே ஒரு த்ரீ-டி பிரிண்டர். அதற்கான பிளாஸ்டிக் இழைச் சுருள்களைத் தந்தவர் பட்டுக்கடை முதலாளி கலியாணசுந்தரம். பட்டையின் முன்பக்கத்தில் தன் கடைப் பெயர் புடைத்து நிற்க வேண்டும் என்றார்.

"எங்க மார்க் இல்லாம ஒரு புடவை வெளிய போனதில்ல. இது மட்டும் மொட்டையா போவுமா?"

"போட்டுடலாம் சார்," என்றார் ஆசிரியர் ஜெபகுமார்.

பெயரோடு ஒன்று அச்சாக இரண்டேகால் மணி நேரம். பெயர் இல்லாவிட்டால் ஒன்றரை. சனி காலை ஆறு மணியிலிருந்து நாற்பத்தெட்டு மணி நேரத்தில் பெயரோடு இருபத்தொன்று, இல்லாமல் முப்பத்திரண்டு. ஒன்பது பேர் வெறும் முகத்தோடு வார்டுக்குள் போக வேண்டும்.

கணக்கு மட்டும் போதாது என்று பட்டது. பெயரோடு அச்சான முதல் பட்டையில் குங்குமத்தைக் குழைத்துப் பூசி சானிடைசரால் துடைத்துப் பார்த்தேன். மூன்று முறை துடைத்தும் எழுத்துகளின் இடுக்கில் சிவப்பு போகவில்லை. அங்கே சளி ஒட்டினால்?

யாரையும் கேட்காமல் கணினியில் இருந்த அச்சு வடிவத்திலிருந்து பெயரை அழித்துவிட்டேன்.

இன்று காலை மருத்துவமனை வாசலுக்கு, தெளிவான பிளாஸ்டிக் தாள் மாட்டிய பட்டைகளோடு போனோம். பெயரைக் காணாத ஜெபகுமார், "யாரக் கேட்டு எடுத்தே, பிரேம்நாத்?" என்று என் கையைப் பிடித்து உலுக்கினார். போட்டோகிராபரோடு வந்திருந்த முதலாளி, பையிலிருந்து ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து, ஷாஹிஸ்தா மாட்டிக்கொள்ள இருந்த ஷீல்டில் கண்ணுக்கு நேராக ஒட்டினார்.

"சார், ஊசி போட எனக்கு நரம்பு தெரியணும். உங்க கடை தெரிஞ்சி இன்னா பண்றது?"

"ஒரு போட்டோ தானேம்மா!"

"உள்ள முப்பத்தாறு பேர் மூச்சு வாங்கிக்கினு இருக்காங்க சார்."

ஸ்டிக்கரை உரித்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, முப்பது ஷீல்டையும் அள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

முதலாளி நேராக வகுப்புக்கு வந்து, பிரிக்காத இரண்டு சுருளையும் காரில் ஏற்றிக்கொண்டார். "இப்ப அடிங்கப்பா பாக்கலாம்," என்றார். ஜெபகுமார் கார் கதவைத் திறந்துவிட்டார்!

முதலாளியிடம் முன்பே கேட்டிருக்க வேண்டுமோ? கேட்டிருந்தால் பெயர் இருந்திருக்கும். ஒன்பது பேருக்கு ஷீல்டு இருந்திருக்காது. அதை எப்படிக் கூட்டிக் கழித்தாலும் என் கோபம் குறையவில்லை.

பிரசவ வார்டில் இருபது கேட்டிருக்கிறார்கள். மெஷினில் மிச்சமிருந்த இழையை எடை போட்டேன். பெயரோடு என்றால் மூன்று. இல்லாமல் நான்கு.

நான்கு அச்சாகிக்கொண்டிருக்கிறது.