எலுமிச்சம்பழத்துக்கு இறங்கியவர்

லாரன்ஸ் அந்த இன்சூரன்ஸ் பாரத்தில் எட்டுக் கேள்விகளுக்கு மளமளவென்று பதில் எழுதிவிட்டார். ஒன்பதாவதில் பேனா நின்றுவிட்டது. 'விபத்து நேர்ந்தபோது விற்பனை நிலையத்தின் ஆள் காருக்குள் இருந்தாரா?' பக்கத்தில் இரண்டு கட்டங்கள். ஆம், இல்லை. மூன்றாவதாக ஒரு கட்டம் வைத்து, 'இருந்தேன், ஆனால் எலுமிச்சம்பழத்துக்காக இறங்கினேன்' என்று போட இன்சூரன்ஸ்காரர்களுக்குத் தோன்றவில்லை. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை.

ஜெலுத்தோங்கில் பழைய கார் விற்கிற கடை அவருடையது. பதினொரு கார், ஒரு தகரக் கூரை, ஒரு மேசை. பதினெட்டு வருஷமாக அதுதான் பிழைப்பு. கடைக்கு இன்சூரன்ஸ் எடுத்துக் கொடுத்த ஏஜெண்ட் ஹைதர் வருஷா வருஷம் ஒரே பாட்டைத்தான் பாடுவார். "அண்ணே, பேர் மாறாத காடி வெளிய போனா, ஓட்டிப் பாக்கிறதுக்குத்தான் போகணும். உங்க ஆள் ஒருத்தர் உள்ள உக்காந்திருக்கணும். இல்லேன்னா ஒண்ணும் செல்லாது லா." லாரன்ஸ் இதைச் செபம் மாதிரி மனப்பாடம் செய்திருந்தார். ஒரு நாளும் மீறியதில்லை. சும்மா இருக்கிறவனைத்தான் வம்பு விலாசம் விசாரித்துக்கொண்டு வரும்.

இந்தத் தடவை வந்த வம்பின் பெயர் தயாளன். புக்கிட் தெங்காவில் தொழிற்சாலை வேலை. இருபது வருஷமாகக் கையால் கியர் மாற்றுகிற பழைய கஞ்சில் கார் ஓட்டிய மனிதர், கடையில் நின்ற சிவப்பு மைவி காரைப் பார்த்து மயங்கிவிட்டார். அது ஆட்டோ கியர். வங்கிக் கடன் கிடைத்தாயிற்று, பெயர் மாற்றுவதுதான் பாக்கி, அது திங்கட்கிழமை. ஆனால் சோதிடர் குறித்துக் கொடுத்ததோ வெள்ளிக்கிழமை காலை ஏழரை.

"அண்ணே, ரெண்டு தெரு தள்ளித்தான் பிள்ளையார் கோயில். பூசை போட்டுட்டு காடியத் திரும்ப இங்கயே விட்டுர்றேன். இந்த நேரம் போனா அடுத்த மாசந்தான் நல்ல நாள்" என்றார் தயாளன்.

லாரன்ஸ் யோசித்தார். ஓட்டிப் பார்ப்பது வேறு, பூசைக்குப் போவது வேறா? பூசைக்கும் ஓட்டிக்கொண்டுதானே போக வேண்டும்? "சரி தம்பி, நானும் வர்றேன். உள்ள உக்காந்துக்கிறேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை திருப்பலிக்கே தாமதமாகப் போகிறவர், வெள்ளிக்கிழமை ஏழரைக்குப் பிள்ளையார் கோயில் வாசலில் ஆஜர்.

குருக்கள் காருக்குச் சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார், மாலை போட்டார். "காடி யார் பேர்ல?" என்று கேட்டார். "என் பேர்லதான் சாமி. தயாளன், ரோகிணி நட்சத்திரம்." காரின் கிரானில், அதாவது உரிமைப் பத்திரத்தில், இருந்ததோ லாரன்ஸ் கடையின் பெயர். பிள்ளையாரிடம் ஒரு பெயர், சாலைப் போக்குவரத்து இலாகாவில் ஒரு பெயர். அப்போதே லாரன்ஸுக்கு என்னவோ உறுத்தியது.

நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. "காடிக்காரர் மட்டும் உள்ள இருங்க. மத்தவங்க எறங்கி நில்லுங்க" என்றார் குருக்கள்.

லாரன்ஸுக்கு ஒரு காதில் ஹைதரின் குரல், ஒரு காதில் குருக்களின் குரல். அடுத்தவர் சாமி காரியத்தில் நந்தி மாதிரி குறுக்கே உட்கார்ந்திருப்பது மரியாதையா? மூன்றடி நகரப் போகிற காருக்கு விதி என்ன, விலக்கு என்ன? இறங்கிவிட்டார்.

தயாளனின் இடது கால் இல்லாத கிளட்சைத் தேடியது. அது கிடைக்காத பதற்றத்தில் வலது கால் ஆக்ஸிலேட்டரை ஓங்கி மிதித்துவிட்டது. எலுமிச்சம்பழங்கள் தெறித்தன. கார் பாய்ந்தது, வாசலோரம் பூக்கட்டிக்கொண்டிருந்த சின்னம்மாவை நோக்கி. பெரியவர் சிறியவர் எல்லோரும் அவளைச் சின்னம்மா என்றே கூப்பிடுவார்கள், பெயரே அதுதான். அப்புறம் நடந்தது லாரன்ஸுக்குக் கோர்வையாக நினைவில்லை. யாரோ கத்தினார்கள். கவிழ்ந்த பூமேசைக்கு அடியில் சின்னம்மாவின் இடது கால் மாட்டியிருந்தது. இரண்டு இடத்தில் முறிவு.

நாலு நாள் கழித்துப் பாரத்தோடு வந்த ஹைதர், "அண்ணே, நீங்க காடிக்குள்ளதான இருந்தீங்க?" என்றார்.

"இருந்தேன்."

"அப்பாடா."

"அப்புறம் எறங்கினேன்."

ஹைதர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "எதுக்குண்ணே?"

"எலுமிச்சம்பழத்துக்கு."

ஹைதர் பாரத்தின் ஒன்பதாவது கேள்வியில் விரலை வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ஆம்னு போட்டா கம்பெனி பாத்துக்கும். இல்லைன்னு போட்டா அந்த அம்மா கால் வைத்தியம், அவங்க வேலைக்குப் போகாத நாள், எல்லாம் உங்க தலையில. கடை நிக்காதுண்ணே. நாளைக்கு ஆஸ்பத்திரியில கம்பெனி ஆள் அவங்ககிட்டயும் கேப்பார். ரெண்டு பேர் சொல்றதும் ஒத்துப் போகணும்."

அன்று ராத்திரிச் சோறு லாரன்ஸுக்கு இறங்கவில்லை. மனைவி ஆலிஸிடம் கேட்டார். "பொய் எழுதிட்டு எந்த முகத்தோட திருப்பலியில நன்மை வாங்கப் போவீங்க?" என்றாள் ஆலிஸ். அடுத்த மூச்சிலேயே, "கடை போச்சுன்னா எதைச் சாப்பிடுறது?" என்றும் அவளே கேட்டாள். தெளிவு தேடிப் போனவருக்குக் குழப்பத்தில் இன்னொரு பங்கு கிடைத்தது.

மறுநாள் மத்தியானம், ஒரு மைலோ டின்னும் நாலு ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். வழியெல்லாம் ஒத்திகை. 'நான் உள்ள இருந்ததா சொல்லிருங்க. கம்பெனி பணம் உங்களுக்கும் நல்லதுதான்.' பொய்தான். ஆனால் அவளுக்கும் நல்லது, தனக்கும் நல்லது. எல்லோருக்கும் நல்லதாக இருக்கிற ஒன்று எப்படிப் பாவமாகும்? கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. வெட்கம் மட்டும் போகவில்லை.

சின்னம்மா கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தாள். அவரைக் கண்டதும் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறக்கவே விடவில்லை.

"அண்ணே, நீங்க மட்டும் அன்னிக்குக் காடிக்குள்ள உக்காந்திருந்தா நான் இன்னிக்கு இல்ல. நான் தலை குனிஞ்சு பூக் கட்டிட்டு இருக்கேன், காடி வர்றதே தெரியல. நீங்கதான் கத்திக்கிட்டே தாவி வந்து என் தோளப் புடிச்சு இழுத்தீங்க. கால் மட்டுந்தான் மாட்டுச்சு. இல்லேன்னா நெஞ்சுல ஏறியிருக்கும்."

கத்தியது தான்தான் என்பது அப்போதுதான் லாரன்ஸுக்குத் தெரிந்தது.

"காலையில இன்சூரன்ஸ் தம்பி ஒருத்தர் வந்தாரு. அவர்கிட்டயும் விவரமா சொல்லிட்டேன் லா. அந்த அண்ணன் வெளிய நின்னதாலதான் பொழச்சேன்னு ரெண்டு தடவ சொல்லி எழுதிக்கச் சொன்னேன். உங்களுக்கு நல்லதாத்தான சொன்னேன்?"

பதினெட்டு வருஷத்துக் கடை அந்த நன்றியில் போய்விட்டது. அவள் முகத்தைப் பார்த்தால் கோபப்படவும் முடியவில்லை. அழுகை வருகிறதா, சிரிப்பு வருகிறதா என்றே அவருக்குப் புரியவில்லை.

"நல்லதாத்தான் சொன்னீங்க" என்றார். ஆரஞ்சு ஒன்றை உரித்து அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து பாரத்தை எடுத்து முழங்காலில் விரித்தார். ஒன்பதாவது கேள்வியில், 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டார். அதற்குக் கீழே இன்னொரு கேள்வி இருப்பதை அதுவரை அவர் கவனிக்கவே இல்லை. 'ஆள் காருக்குள் இல்லையென்றால், அதனால் விளைந்தது என்ன?' பதிலுக்கு ஒரே ஒரு வரி இடம் விட்டிருந்தார்கள்.

லாரன்ஸ் யோசிக்காமல் எழுதினார். 'சின்னம்மா உயிரோடு இருக்கிறார்.'