தலைவர் ஏறியிருந்த ஸ்னோமொபைல்

சிசிலித் தீவின் பலெர்மோவில் ஸ்னோமொபைல் என்ற பனிவண்டி வைத்திருப்பது, கடலுக்குள் மாட்டுவண்டி வைத்திருப்பது போன்றது. ஆனால் லிபெர்த்தா வீதியில் ஏர்னஸ்ற் வேலை செய்யும் வீட்டு வக்கீலிடம் ஒன்று இருந்தது. வடக்கே எங்கோ ஏலத்தில் எடுத்தது. குளிர்கால ஞாயிறுகளில் அதை டிரெய்லரில் ஏற்றி மலைக்குக் கொண்டுபோய், பனியில் இறக்கி, ஹெல்மெற் மாட்டிக்கொண்டு அவர் நேராகப் போவார். நேராக மட்டும். கைபிடியை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி அதை அவருடைய சொந்தக் கருத்தாக எடுத்துக்கொண்டு, நேராகவே போய்ப் பனிமேட்டில் புதையும். பின்னால் நடந்துவரும் ஏர்னஸ்ற் அதைத் தோண்டியெடுத்து அடுத்த திசைக்குத் திருப்பி வைப்பான். வீட்டுவேலை என்ற சொல்லுக்குள் இதுவும் அடக்கம்.

அவனுக்குப் பிரச்சினை பனி அல்ல, ஞாயிறு. மனைவி றோசமலரின் ஒபரேஷன் நல்லபடி முடிந்தால் செபஸ்தியார் திருநாள் ஊர்வலத்தில் புனிதரின் சுரூபத்தைத் தோளில் தூக்குவதாக நேர்ந்திருந்தான். ஒபரேஷன் முடிந்து இரண்டு திருநாள்கள் போய்விட்டன. இரண்டிலும் அவன் மலையில் வக்கீலைத் தோண்டிக்கொண்டிருந்தான். உடம்பெல்லாம் அம்பு வாங்கியும் முகம் சுளிக்காத புனிதர் பொறுத்துக்கொண்டார். றோசமலர் பொறுக்கவில்லை.

“இஞ்சருங்கோ, வாற ஞாயிறு திருநாளிலையும் நீங்கள் தூக்கேல்லையெண்டால் நான் தூக்குவன்.”

“தையல் போட்ட உடம்போடை என்ன கதை கதைக்கிறாய்?”

“அப்ப அந்தச் சாமானைத் திருப்பப் பழக்குங்கோ.”

வக்கீலும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். “சனிக்கிழமை ஓட்டிப் பார்ப்போம். வளைந்தால் ஞாயிறு உனக்கு. வளையாவிட்டால் நீ எனக்கு.”

பல்லரோச் சந்தைப் பக்கத்து ஸ்கூட்டர் மெக்கானிக்கிடம் ஏர்னஸ்ற் வண்டியின் படத்தைக் காட்டினான். அவர் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, மிச்சப் பாதி எங்கே என்று கேட்டார்.

ஆகவே விஷயம் தமிழ்ச் சங்கத் தலைவர் இராஜதுரையிடம் போனது. ரொறன்ரோவில் மகள் வீட்டில் ஒரு குளிர்காலம் இருந்துவிட்டு வந்த நாள்முதல், பலெர்மோத் தமிழர் மத்தியில் பனி அவருடைய துறை. அங்கே அவர் பனியை ஜன்னலால் பார்த்திருந்தார். ஆனால் நன்றாகப் பார்த்திருந்தார்.

வியாழக்கிழமை பின்னேரம் தலைவர் வயிற்றில் பொத்தான் பூட்ட முடியாத கோட்டுடன் வக்கீலின் கராஜுக்கு எழுந்தருளினார். கூடவே செயலாளர் றோபேட், கையில் போன். தலைவர் வண்டியைக் கோயில் வீதி சுற்றுவதுபோல் ஒருமுறை சுற்றி வந்தார்.

“பனி எண்டது, தம்பி, ஒரு ஒழுக்கம்.”

“ஓம் அண்ணை. இந்த ஸ்பிரிங்கை இறுக்கவேணுமோ, தளர்த்தவேணுமோ?”

“அதுக்குத்தான் வாறன். பனி எண்டது…”

றோபேட் அதற்குள் கனடாவில் இருக்கும் தலைவரின் மருமகன் பிரசாந்தை வீடியோவில் பிடித்துவிட்டான். பிரசாந் பேக்கரியில் வேலை செய்பவன். கனடாவில் இருப்பவனுக்குப் பனிவண்டி தெரியாமல் இருக்குமா என்பது இங்கே எல்லோருடைய எண்ணம். இத்தனை பேர் நம்பும்போது தெரியாது என்று சொல்ல அவனுக்கும் மனம் வரவில்லை. இன்னொரு போனில் தேடிப் பார்த்து வாசித்தான்.

“மாமா, முன்னுக்கு ஸ்கீயிலை, அந்தச் சறுக்குக் கட்டையளிலை, பாரம் காணாது, அதுதான் வளையுதில்லை. பின் ஸ்பிரிங்கை இறுக்குங்கோ. நடுவிலை ஒரு பட்டி கிடக்கும், அதைக் கட்டையாக்குங்கோ.”

“பின்னுக்கு இறுக்கினால் முன்னுக்கு என்னண்டு பாரம் வரும்?” என்றான் ஏர்னஸ்ற்.

“அது… வரும் அண்ணை. இஞ்சை அப்பிடித்தான்.”

“கனடாவிலை அப்பிடித்தான்,” என்று தலைவர் உறுதிப்படுத்தினார்.

“பொறுங்கோ, முதல்லை ஆள் ஏறி இருக்கவேணும். எவ்வளவு பதியுது எண்டு பாத்துத்தான் இறுக்கிறது,” என்று வாசித்தான் பிரசாந்.

வக்கீல் நீதிமன்றத்தில். ஏர்னஸ்ற் ஸ்பனரோடு தரையில். தலைவர் நிற்கும் இடத்தில் ஒரேயொரு இருக்கை இருந்தால் அது யாருக்கு என்று சங்கத்தில் எவரும் கேட்பதில்லை. றோபேட் கைலேஞ்சியால் இருக்கையைத் துடைத்துவிட்டான். இராஜதுரை ஏறினார். வண்டி ஒரு பெருமூச்சு விட்டுப் பதிந்தது. தலைவரின் படம் எதிலும் செயலாளர் இல்லாமல் இருந்ததில்லை என்பதால் றோபேட்டும் பின்னால் ஏறினான். இன்னும் பதிந்தது. ஏர்னஸ்ற் படம் எடுத்துவிட்டு இறுக்கத் தொடங்கினான்.

“காணும்,” என்றார் தலைவர்.

“காணாது,” என்றான் பிரசாந்.

இடையில் லைன் போய் வந்தது. எந்தப் பக்கத்தை எவ்வளவு திருப்பினோம் என்பதில் கடைசியில் மூவரிடம் மூன்று கருத்துகள் இருந்தன.

சனிக்கிழமை மலையில் வக்கீல் ஏறினார். முருங்கைக்காய்க்குக் கோட்டுப் போட்ட மாதிரி மனிதர். கைபிடியைத் திருப்பினார். வண்டி வளைந்தது. ஏர்னஸ்ற் சிலுவை அடையாளம் போட்டான். கையை இறக்குவதற்குள் முதல் மேடு வந்தது, வக்கீல் வானத்துக்கும் இருக்கைக்கும் நடுவில் இருந்தார். அடுத்த மேட்டிலும் அப்படியே. கோணிய ஹெல்மெற்றோடு இறங்கி வந்தார்.

“வளைகிறது. ஆனால் என்னைப் பிடிக்கவில்லை.”

“தளர்த்தட்டுமா?”

“எதை?”

ஏர்னஸ்ற் ஸ்பிரிங்குகளைப் பார்த்தான். “தெரியாது, அவ்வொக்காத்தோ.” வக்கீலுக்கு அங்கே அதுதான் மரியாதைப் பெயர்.

“அப்படியானால் தொடாதே! வாங்கிய நாளிலிருந்து இன்றுதான் வளைந்திருக்கிறது. யாரை இருத்தி இறுக்கினாய்?”

ஏர்னஸ்ற் போனில் படத்தைக் காட்டினான். வக்கீல் இரண்டு விரலால் பெரிதாக்கினார். பின்னால் இருந்த றோபேட்டைப் பார்த்தார், தன்னைப்போல் ஒல்லி. முன்னால் இருந்தவரை நெடுநேரம் பார்த்தார்.

“இந்தப் பெரியவர் நாளைக்கு எனக்குப் பின்னால் பாரமாக இருக்க வருவாரா? வந்தால் நீ வேண்டாம், ஞாயிறு உனக்கு.”

பின்னேரமே ஏர்னஸ்ற் இராஜதுரைக்குப் போன் எடுத்தான்.

“அண்ணை, அவ்வொக்காத்தோ நாளைக்கு உங்களை மலைக்குக் கேக்கிறார். நீங்கள் ஏறாட்டில் மெஷின் சரியா ஓடாதாம்.”

இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

“எனக்குத் தெரியும்,” என்றார் தலைவர். “நாளைக்குச் சேர்ச்சிலை எனக்குப் பொன்னாடை கிடக்கு. பறவாயில்லை, றோபேட் வாங்கட்டும்.”

ஞாயிறன்று சுரூபம் கோயிலை விட்டு வெளியே வந்தபோது தண்டின் ஒரு முனை ஏர்னஸ்ற்றின் தோளில் இருந்தது. றோசமலர் மெழுகுதிரியோடு பின்னால் வந்தாள். பொன்னாடையைக் கையில் தொங்கவிட்டபடி றோபேட் அருகே வந்து போனை நீட்டினான். அதில் வந்த படத்தில் முன்னால் வக்கீல், பின்னால் ஹெல்மெற்றுக்குள் இறுகிய தலைவர், பனியில் அழகாக வளைந்த தடம். மேலே: ‘சிசிலிப் பனிமலையில் எமது தலைவர் ஆலோசனை வழங்குகிறார்.’

“அண்ணை, உண்மையா அவர் அங்கை என்ன செய்யிறார்?”

“பின்னுக்கு இருக்கிறார்.”

“அவ்வளவுதானோ?”

“அவ்வளவுதான்.”

றோபேட் படத்தை மறுபடி பார்த்தான். “அப்ப என்னண்டு வளையுது?”

“என்னட்டைக் கேளாதை. தண்டு தோளை அறுக்குது, அந்தச் சால்வையைத் தா.”

பொன்னாடையை நாலாய் மடித்துத் தண்டுக்கும் தோளுக்கும் நடுவில் வைத்தான் ஏர்னஸ்ற். சரிந்திருந்த புனிதர் நிமிர்ந்தார். ஊர்வலம் மூலையில் மெதுவாகத் திரும்பியது.