செவ்வந்திக்குச் சேர வேண்டிய வசவு

செவ்வந்தியை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் நாங்கள் இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுது ராசியாகிவிட்டோம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இன்றைக்கும் பிடிக்காது.

கள்ளக்குறிச்சியில் தியாகதுருகம் சாலையிலிருந்து உள்ளே பிரிகிற தெரு எங்களுடையது. திருக்கோவிலூர்க்காரர் ஒருவர் ஒரே காம்பவுண்டுக்குள் எதிரெதிராக இரண்டு வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். ஒன்றில் நான், என் வீட்டுக்காரர் சிவசங்கர், இரண்டாம் வகுப்பு படிக்கிற எங்கள் மகள் எழில்மதி. இன்னொன்றில் செவ்வந்தி, அவள் புருஷன் காசிநாதன், பிள்ளைகள் வீரமணியும் தமிழ்மொழியும். நடுவில் சிமெண்டு பூசிய ஒரு வாசல், அதற்கு ஒரே கேட். இரண்டு வீட்டுக்கும் பொது. பொது என்று எதையாவது விட்டால் அதில் புல் முளைக்காது, சண்டைதான் முளைக்கும்.

காசிநாதனுடையது குட்டியானை. சின்ன சரக்கு வண்டியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். காலையில் மளிகைச் சாமான் ஏற்றிக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போவான். சாயங்காலம் புளியோ மரவள்ளியோ ஏற்றிக்கொண்டு இறங்குவான். வண்டி ஓர் ஓரமாக நிற்கும், மிச்ச இடத்தில் பிள்ளைகள் விளையாடும். எழிலும் அதுகளோடுதான் கிடப்பாள். நாலு வருஷம் இப்படியே ஓடியது.

போன ஆவணியில் நாங்கள் கார் வாங்கினோம். பழைய கார்தான், ஆனால் எங்கள் குடும்பத்தில் முதல் கார். காரும் குட்டியானையும் நின்றால் பிள்ளைகளுக்கு இடமில்லை. பிள்ளைகள் விளையாடினால் காருக்கு உத்தரவாதமில்லை. பத்தாம் நாளே வீரமணி அடித்த பந்தில் பக்கக் கண்ணாடி போயிற்று. பையன் பயந்துபோய் நின்றான். பந்தை எடுத்து, அரிவாள்மனையை வாசலிலேயே போட்டு உட்கார்ந்து, எல்லாப் பிள்ளைகளும் பார்க்க இரண்டாக அரிந்தேன். பூசணிக்காய் அரிவதுபோல் நிதானமாக அரிந்தேன். அப்போது எனக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது.

அதற்குச் செவ்வந்தி காத்திருந்து பழி வாங்கினாள். திருநாவலூரில் என் தம்பி கல்யாணம். விடியற்காலையில் பட்டுப்புடவையோடு வெளியே வந்தால், எங்கள் காரின் மூக்கை உரசிக்கொண்டு குட்டியானை குறுக்கே நிற்கிறது. கேட்டதற்கு, புதுப் பந்து வாங்கிக் கொடுத்தால் வண்டியை எடுப்போம் என்றாள். பந்து வாங்கிக் கொடுத்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? கூலி வேலைக்குப் போனவர்களுக்கு வண்டி வந்ததும் கண் தெரியவில்லை என்றேன். அவள் பதிலுக்கு, ஊரான் ஓட்டித் தள்ளின காரை வாங்கிவிட்டு இவ்வளவு ஆட்டமா என்றாள். தாலி கட்டுகிற நேரத்தில் நாங்கள் போலீஸ் ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தோம்.

அங்கே எங்கள் கதையைக் கேட்கிற பொறுமை யாருக்கும் இல்லை. இனிமேல் ஒருவரோடு ஒருவர் எந்தப் பேச்சும் வைத்துக்கொள்ள மாட்டோம், மீறினால் நடவடிக்கைக்குக் கட்டுப்படுகிறோம் என்று இரண்டு வீட்டாரிடமும் எழுதிக் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டார்கள்.

அவளைத் திட்டக் கூடாது என்று எழுதிக் கொடுத்தாயிற்று. ஆனால் பெற்ற பிள்ளையைத் திட்டக் கூடாது என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. ஜாடை பேசுவது எங்கள் ஊர்ப் பெண்களுக்குத் தனியாக யாரும் சொல்லித்தர வேண்டிய வித்தை இல்லை. செவ்வந்தி நாலு கோழி வளர்த்தாள். என்னைச் சொல்ல வேண்டியதையெல்லாம் கோழிகளுக்குச் சொன்னாள். வாங்கின தீனிக்கு மேலே கொக்கரிக்கிறாயே என்பாள், கொழுப்பு ஏறினால் குழம்புக்குத்தான் என்பாள். எனக்குக் கோழி இல்லை. எழில்தான் இருந்தாள்.

சாயங்காலம் குட்டியானை உள்ளே நுழைகிற சத்தம் கேட்டதும், படியில் நிற்கிற எழிலைப் பிடித்துக்கொள்வேன்.

"ஏண்டி எழிலு, கண்ட எடத்துல வந்து நிக்கிறியே, உனக்கு வெக்கமா இல்ல? வாசல அடைச்சிக்கினு நிக்கிறதே உனக்குப் பொழப்பா?"

எதிர்வீட்டில் பாத்திரம் உருளும். சேர வேண்டிய இடத்தில் சேர்ந்துவிட்டது என்று எனக்கு உள்ளம் குளிரும். நீ வந்த நாளிலிருந்து இந்த வீட்டுக்கு நிம்மதியே இல்லை என்று ஒரு நாள். நீ ஒழிந்தால்தான் எனக்கு விடிவு என்று ஒரு நாள். கேட்கிறவர்கள் யாரும் போய் ஸ்டேஷனில் சொல்லிவிடக் கூடாதே என்று, நிஜமாகவே மகளைத் திட்டுகிற மாதிரி இருக்கட்டுமென்று, நடுநடுவே ஒன்றிரண்டு சேர்த்துக்கொள்வேன். "உன்னப் பெத்ததுக்கு ஒரு அம்மிக்கல்லப் பெத்திருந்தா தொவையலாவது அரச்சிருப்பேன்" என்பது அப்படிச் சேர்த்ததுதான். எல்லா அம்மாக்களும் சொல்வதுதானே.

ஏழு மாதம் இப்படிப் போயிற்று. எழில் எதிர்வீட்டுப் பிள்ளைகளோடு சேரக் கூடாது என்று சொல்லியிருந்தேன், சேரவில்லை. முதலில் படியில் உட்கார்ந்து அவர்கள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு படிக்கும் வருவதில்லை. சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு, துடைப்பம் வைக்கிற இடம், அங்கே போய் நின்றுகொண்டிருப்பாள். சாப்பிடும்போது காலை மடக்கி மடக்கி ஒடுக்கிக்கொள்வாள். டிவி பார்க்க வந்தால்கூட "இங்க நிக்கட்டுமாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் நிற்பாள். என் தங்கை போன் பண்ணியபோது, எங்கள் பெண் எவ்வளவு அடக்கமாகிவிட்டாள் தெரியுமா என்று பெருமையாகச் சொன்னேன். கண் அவிந்தவள் நான். வேறு என்ன சொல்ல?

அன்றைக்குச் சனிக்கிழமை. சிவசங்கர் உளுந்தூர்ப்பேட்டையில் வேலைக்குப் போய்விட்டார். எழிலை உட்காரவைத்துத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். வெளியே காசிநாதன் குட்டியானையை ஸ்டார்ட் பண்ணி, எங்கள் ஜன்னலுக்கு நேராகப் புகை வரும்படி விட்டுவிட்டு, சாவகாசமாக டீ குடித்துக்கொண்டிருந்தான். வீடெல்லாம் டீசல் நாற்றம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழிலின் பின்னலை இழுத்துப் பிடித்து, எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னேன்.

"தெனம் மலைக்குப் போய்க்கினுதான இருக்க? அங்கயே இருந்துட்டா இன்னா? எதுக்குத் திரும்பி வந்து என் உயிர வாங்குற?"

எழில் திரும்பிப் பார்க்காமல் கேட்டாள். "மலையில எங்கம்மா நிக்கறது?"

நான் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "எங்கியாவது நில்லு. என் கண்ணுல படாம நில்லு."

அரை மணி கழித்து இட்லி எடுத்துவைத்துக் கூப்பிட்டால் ஆள் இல்லை. துடைப்பச் சந்தில் இல்லை. மாடியில் இல்லை. தெருமுனைக் கடையில் இல்லை. பள்ளிக்கூடம் வரைக்கும் செருப்பில்லாமல் ஓடினேன், பூட்டிக் கிடந்தது. இரண்டு மணி நேரம் தெருத்தெருவாகத் தேடித் திரும்பி வந்தபோது என் மனசு ஒரே இடத்தில் போய் நின்றது. வேறு யார் செய்வார்கள்? நேராக வாசலைத் தாண்டிப் போய், ஏழு மாதத்தில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசினேன்.

"எம்புள்ளய இன்னாடி பண்ணின?"

செவ்வந்தி இட்லி மாவு ஒட்டிய கையோடு வெளியே வந்தாள். சண்டைக்கு வருவாள் என்று பார்த்தால், எப்போதிலிருந்து காணோம் என்று கேட்டாள். வீரமணியைத் தெருவின் ஒரு பக்கமும் தமிழ்மொழியை இன்னொரு பக்கமும் துரத்தினாள். நான் விடவில்லை. ஸ்டேஷனுக்குப் போகிறேன், உங்கள் பேரைச் சொல்லித்தான் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்று கத்தினேன். போ, நானும் கூட வருகிறேன் என்று சொல்லிக் கையைப் புடவையில் துடைத்தாள். அப்போது அவள் போன் அடித்தது.

காசிநாதன்தான், வெள்ளிமலையிலிருந்து. கடைவாசலில் சரக்கு இறக்கத் தார்ப்பாயை அவிழ்த்திருக்கிறான். அரிசி மூட்டைக்கும் எண்ணெய் டின்னுக்கும் நடுவில் எழில் நின்றுகொண்டிருந்திருக்கிறாள். அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் அப்படியே வந்திருக்கிறாள். பள்ளிக்கூடப் பையில் இரண்டு கவுன், ஒரு பல்துலக்கும் பிரஷ். கேட்டதற்கு, அம்மாதான் மலையில் இருக்கச் சொன்னாங்க மாமா, இங்க நிக்கலாமா என்றிருக்கிறாள்.

செவ்வந்தி இதைச் சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அதைவிட அவமானம் எனக்கு வாழ்க்கையில் இல்லை.

பாதிச் சரக்கை இறக்காமலே காசிநாதன் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தான். அதற்குள் சிவசங்கரும் வந்துவிட்டார். வண்டி உள்ளே வந்து, எப்போதும் நிற்கிற அதே இடத்தில் நின்றது. முன் சீட்டில் எழில், மடியில் அந்தப் பை. நான் ஓடிப் போய்க் கதவைத் திறந்தேன். அவள் இறங்கவில்லை.

"எங்கம்மா நிக்கட்டும்?" என்றாள்.

காசிநாதன் தலையைக் குனிந்துகொண்டு, அம்மா திட்டியதையெல்லாம் பாப்பா வழியெல்லாம் ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே வந்ததாகச் சிவசங்கரிடம் சொன்னான். சிவசங்கர் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி நான் எழுத மாட்டேன்.

"அதெல்லாம் உன்ன இல்லடி" என்றேன்.

"பின்ன யாரம்மா?"

பதில் எனக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். ஆனால் எதிரே செவ்வந்தியை வைத்துக்கொண்டு, அவள் புருஷனையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, எனக்கு வாய் வரவில்லை. ஏழு மாதமாக ஓயாத வாய். பெற்ற பிள்ளை வண்டியிலிருந்து இறங்காமல் உட்கார்ந்திருக்கும்போதும் என் வீம்பு இறங்கவில்லை.

செவ்வந்திதான் முன்னால் வந்தாள். "என்னத்தான் கண்ணு. அதெல்லாம் உங்கம்மா என்னத் திட்டினது."

எழில் நம்பவில்லை. "எம்பேரச் சொல்லித்தான் அத்த திட்டுவாங்க" என்றாள்.

செவ்வந்தி என் பக்கம் திரும்பினாள். "என் மூஞ்சியப் பாத்துத் திட்டு. புள்ள கேக்கட்டும்."

இதற்காக நான் எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன். அவளை நேருக்கு நேர் நிறுத்தி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று ராத்திரியெல்லாம் வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். கண்ட இடத்தில் நிற்கிறாயே, வெட்கமாக இல்லையா என்று ஆரம்பித்தேன். எனக்கே கேட்கவில்லை. சத்தமாகச் சொல், எங்கள் வீட்டுக்குக் கேட்கும்படி சொல்வாயே, அப்படிச் சொல் என்றாள். சொன்னேன். நீ வந்த நாளிலிருந்து நிம்மதி இல்லை என்றேன். நீ ஒழிந்தால்தான் விடிவு என்றேன். மலையிலேயே இருந்துவிடு, என் கண்ணில் படாதே என்றேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றாள். ஒவ்வொன்றுக்கும் எழிலைப் பார்த்து, இது எனக்கு, இதுவும் எனக்கு என்று சொல்லிக்கொண்டு வந்தாள். அவள் பிள்ளைகள் இரண்டும் அவள் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டன. எழில் பாடம் ஒப்பிக்கிறவர்களைக் கவனிப்பதுபோல் என் வாயையும் செவ்வந்தியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மெதுவாக ஒரு காலை எடுத்து வண்டிப் படியில் வைத்தாள்.

"அவ்ளோதான்" என்றாள் செவ்வந்தி. பிறகு என்னிடம், "இது புள்ளைக்காக. நீ சொன்னது எதையும் நான் மறக்கல. வண்டி நாளிக்கும் இங்கதான் நிக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுப் பக்கம் நடந்தாள்.

"அம்மா," என்றாள் எழில். "அப்ப அம்மிக்கல்லு?"

செவ்வந்தி அவள் வீட்டுப் படியில் நின்றுவிட்டாள். திரும்பி என்னைப் பார்த்தாள். அத்தனையையும் வாங்கிக்கொண்டவள், அதையும் வாங்கிக்கொள்ள வாயைத் திறந்தாள். ஆனால் அவளை நான் பெறவில்லையே. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அது யாருக்கும்மா?"

சும்மா சொன்னதுடி என்றேன். சரிம்மா என்று தலையாட்டினாள், எதற்கும் ஆட்டுகிற மாதிரி. நான் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலைக் கடந்தேன். முன்பெல்லாம் தூக்கினால் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். அன்றைக்கு இடத்தை அடைக்காமல் கையையும் காலையும் ஒடுக்கிக்கொண்டு வந்தாள்.