ஏறிப் பார்க்காத கையெழுத்து

ஆஸ்பத்திரி லிஃப்டில் ஏறினால் எல்லோரும் மாடி எண்ணைப் பார்ப்பார்கள். அவர் மட்டும் மூலையில் மாட்டியிருக்கும் பராமரிப்பு அட்டையைப் பார்ப்பார். முப்பத்தோரு வருடம் லிஃப்ட் பரிசோதகராக இருந்தவருக்கு வேறெங்கே கண் போகும்?

"பாரு, நாலு மாசக் கையெழுத்தும் ஒரே பேனா, ஒரே சாய்வு. மேல ஏறிக் கயித்தைப் பாக்காமலே, உக்காந்த இடத்துல போட்டிருக்கான்" என்று மனைவியிடம் முணுமுணுத்தார்.

"அந்தக் கயித்துலதான் நாம தொங்கிட்டிருக்கோம். இறங்கினப்புறம் சொல்லக்கூடாதா?" என்றாள் அவள்.

வேலையிடத்தில் அவருக்கு 'ஏறிப்பாத்தியா' என்றே பெயர். யார் அறிக்கை நீட்டினாலும் அதைத்தான் முதலில் கேட்பார். அப்பேர்ப்பட்ட மனிதரின் பைக்குள் அன்று பதினெட்டு நாள் பொய் இருந்தது.

அவளுக்குக் கர்ப்பப்பையில் வந்த புற்றுநோய், அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒன்றரை வருடம் சும்மா இருந்துவிட்டு மறுபடி தலைகாட்டியிருந்தது. கீமோவோடு புது மருந்தொன்றைச் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வில் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு சுற்று முடிந்து எடுத்த ஸ்கேனில் கட்டி கொஞ்சம் சுருங்கியிருந்தது. அந்தக் 'கொஞ்ச'த்தைச் சொல்லிச் சொல்லியே அவர் வீடெல்லாம் நடந்தார்.

ஆய்வில் இருப்பவர்கள் தினமும் ஒரு நோட்டில் எழுதவேண்டும். குமட்டல், சோர்வு, விரல் மரப்பு என்று ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நாலுவரை ஓர் எண். மூன்று என்றால் அன்றாட வேலையே ஓடவில்லை என்று பொருள். கடைசியில் 'வேறு ஏதாவது?' என்று ஒரு வரி. மூன்றாவது சுற்றுக்குப் பிறகு அவளுக்குப் பேனா பிடிக்க வரவில்லை. அவள் சொல்லச் சொல்ல இவர் எழுதினார். துணி தைத்துத் திருத்தும் கடை வைத்திருப்பவள், கையிலிருந்து ஊசி விழுந்ததே தெரியவில்லை என்றாள். "விரல் மரப்புக்கு ரெண்டு போடுங்க" என்றாள். இவர் பூஜ்யம் போட்டார்.

சம்மதப் படிவத்தில் ஒரு வரி இருந்தது: பாதிப்பு மிகுந்தால் மருந்து நிறுத்தப்படலாம். மருந்து நின்றால் அவள் போய்விடுவாள் என்று அவருக்குப் பயம். வேறொன்றுமில்லை. கள்ளக் கையெழுத்தைப் பிடித்தே பழகியவருக்கு, மாட்டிக்கொள்ளாமல் எழுதவும் தெரிந்திருந்தது. மூன்று பேனா மாற்றினார். குமட்டலுக்கு அங்கங்கே ஓர் ஒன்றைத் தூவினார். ஒரு நாள் அடித்துத் திருத்தக்கூடச் செய்தார்.

ஆய்வு நர்ஸ் நோட்டைப் புரட்டிவிட்டு முகம் மலர்ந்தாள். "மரப்பு சுத்தமா இல்லைன்னு இருக்கு, நல்லதும்மா. இன்னிக்கும் முழு அளவே போட்டுடலாம். இந்தப் படிவத்துல ஒரு கையெழுத்து போடுங்க."

மனைவி எதையோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் நர்ஸ் பேனாவை நீட்டிவிட்டு மருந்துச் சீட்டை எடுக்கத் திரும்பினாள். பேனா மனைவியின் விரலிடுக்கிலிருந்து நழுவியது. குனிந்து எடுத்தாள். மறுபடி நழுவியது. அது விழுந்த சத்தம் கேட்ட பிறகே அவள் கீழே பார்த்தாள்.

கயிற்றில் தொங்குவது யார் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. படிவத்தின்மேல் கையை வைத்தார்.

"அந்த நோட்டு பொய்ம்மா. நான் ஏறிப் பாக்காம எழுதிட்டேன்."

நர்ஸுக்குப் புரியவில்லை. மனைவிக்குப் புரிந்துவிட்டது.

"நான் ரெண்டுன்னு சொன்னேனே?"

"சொன்னே."

"என்ன போட்டீங்க?"

"பூஜ்யம்."

"எல்லா நாளுமா?"

தலையாட்டினார்.

"கை என்னுது. மரத்துப்போனது எனக்கு. அதையும் நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?" அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் நிஜமாகவே கோபப்பட்டாள்.

டாக்டரம்மா வந்து பஞ்சாலும் ஊசி முனையாலும் ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தார். அன்றைக்கு மருந்து இல்லை. ஒரு வாரம் கழித்து, அளவைக் குறைத்துப் போடலாம் என்றார்.

"ஆய்விலேருந்து எடுத்துடுவீங்களா?" என்று அவர் கேட்டார்.

"இப்ப இல்லை. ஆனா முழு அளவே போட்டுட்டிருந்தா நரம்பு கெட்டுப்போய், எடுக்கத்தான் வேண்டியிருந்திருக்கும். இதே நோய் திரும்பி வர்ற மத்த பொம்பளைங்களுக்கும் இவங்க சொல்ற நம்பரை வச்சுத்தான் சார் நாங்க அளவு போடப்போறோம்."

பஸ்ஸில் அவள் முன் சீட்டில் தனியாகப் போய் உட்கார்ந்தாள். சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் நோட்டைத் தானே எடுத்து வைத்தாள். அவள் சொல்ல, அவர் எழுதினார்: குமட்டல் ஒன்று, சோர்வு இரண்டு, மரப்பு இரண்டு. ஒவ்வொன்றையும் "காட்டுங்க" என்று வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு சரிபார்த்தாள். வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று அவரும் காட்டினார்.

'வேறு ஏதாவது?' என்ற வரிக்கு வந்ததும், வழக்கம்போல 'இல்லை' என்று எழுதப் போனார்.

"பயம்னு போடுங்க."

பேனா நின்றது. இத்தனை மாதத்தில் அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததே இல்லை.

"எவ்வளவு?"

"ரெண்டு."

எழுதினார். சற்று யோசித்து, இன்னும் ஏதோ எழுதினார். அவள் நோட்டை வாங்கிப் பார்த்தாள்.

"ரெண்டுக்குக் கீழ மூணுன்னு ஒண்ணு இருக்கே?"

"ரெண்டு உன்னோடது. மூணு என்னோடது."

அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"ஏறிப் பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றார். "இன்னிக்குத்தான்."